இருட்டறையும் கூர்மையும்: கீழ்க்கரை வெப்பத்தில் கறுப்பு வெள்ளைப் படம்

கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் பார்த்து ‘நல்ல ஷார்ப்’ என்று சொல்லும் கண், மூன்று வெவ்வேறு சங்கதிகளை ஒன்றாகப் போட்டே அப்படிச் சொல்கிறது. நெருங்கி ஓடும் கோடுகளைத் தனித்தனியாகக் காட்டும் பிரிதிறன் ஒன்று. கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் விளிம்பு எவ்வளவு சடுதியாக மாறுகிறது என்பது இன்னொன்று. வெள்ளித் துகளின் பருமனும் படத்தின் கொன்ட்ராஸ்டும் மூன்றாவது. இவை மூன்றும் எப்போதும் ஒரே பக்கம் இழுப்பதில்லை. கோடுகளை அதிகமாகப் பிரித்துக் காட்டும் பிலிம் சில வேளை மந்தமாகத் தெரியும். துகள் பருத்த பிலிமில் எடுத்த படம், தூர நின்று பார்த்தால் கத்தி வெட்டினாற்போல இருக்கும். கொடாக் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹிக்கின்ஸும் ஜோன்ஸும் 1952இல் இந்த முரணை அளந்து காட்டினார்கள். கண் உணரும் கூர்மை பிரிதிறன் எண்ணோடு ஒத்துப்போகவில்லை. விளிம்பின் சரிவோடுதான் ஒத்துப்போனது. அந்த அளவுக்கு ‘அக்யூட்டன்ஸ்’ என்று பெயரிட்டார்கள். தமிழில் விளிம்புக் கூர்மை எனலாம்.

கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. 25 சென்ரிமீற்றர் தூரத்தில் வைத்துப் பார்க்கும் படத்தில் 0.2 மில்லிமீற்றருக்கு உட்பட்ட மங்கலைச் சாதாரணப் பார்வை பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் 35 மில்லிமீற்றர் நெகட்டிவை 8×10 அங்குலத் தாளை நிரப்பும் அளவுக்குப் பெருப்பிக்க எட்டரை மடங்கு தேவை. அப்படியானால் நெகட்டிவில் மங்கல் 0.024 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. கமரா, லென்ஸ், பிலிம், டெவலப்பர், என்லார்ஜர், தாள் என்ற ஆறு கைகளும் இந்த நூலிழை இடத்துக்குள்தான் பிழைவிட வேண்டும்.

கை மாறும்போதெல்லாம் கொஞ்சம் குறைகிறது. லென்ஸ் மில்லிமீற்றருக்கு 80 கோட்டுச் சோடிகளைத் தருகிறது, பிலிம் 100ஐத் தாங்குகிறது என்றால், நெகட்டிவில் கிடைப்பது 80 அல்ல. வழமையான தோராயக் கணக்கில் 44தான். விலை உயர்ந்த லென்ஸ் வாங்கியும் படம் மாறவில்லை என்ற முறைப்பாட்டின் விடை பெரும்பாலும் இந்தக் கணக்கில் கிடக்கிறது. மற்றக் கைகள் பலவீனமாக இருக்கும்போது லென்ஸை மட்டும் மாற்றிப் பயனில்லை. இலங்கையின் கிழக்கே அம்பாறைக் கரையோரத்தில், ஒலுவில், பாலமுனை, நிந்தவூர் போன்ற வெப்பமும் உப்புக் காற்றும் சேர்ந்த ஊர்களில், மிகப் பலவீனமான கை லென்ஸே அல்ல. அது தண்ணீர்.

படம் பிடிக்கும்போது

மங்கலான படங்களில் பெரும்பகுதி இருட்டறைக்கு வரும் முன்னரே கெட்டுவிட்டவை. போகஸ் தவறியது, கை ஆடியது இரண்டும்தான் முதற் காரணம். இரண்டையும் பிரித்தறிவது எளிது. போகஸ் தவறிய படத்தில் முன்னாலோ பின்னாலோ ஏதோ ஓரிடம் கூர்மையாக இருக்கும். கை ஆடிய படத்தில் எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருக்கும். தண்ணீரில் மின்னும் வெயிற் புள்ளிகள் சிறு கோடுகளாக நீண்டிருக்கும். 50 மி.மீ. லென்ஸுக்கு 1/60 செக்கன் போதும் என்ற பழைய விதி சிறிய பிரிண்டுக்குச் சரி. பெரிய பிரிண்ட் வேண்டுமானால் 1/250, அல்லது முக்காலி.

அபேச்சரைச் சுருக்கச் சுருக்கக் கூர்மை கூடும் என்பது பாதி உண்மை. இரண்டு மூன்று நிறுத்தம் (ஸ்டொப்) சுருக்கினால் லென்ஸின் குறைகள் மறையும். அதற்கு மேல் ஒளி, துளையின் ஓரத்தில் வளைந்து சிதறத் தொடங்கும். f/8இல் மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 200 கோட்டுச் சோடியாக இருக்கும் கோட்பாட்டு எல்லை f/16இல் 100 ஆகவும் f/22இல் 70ஐ ஒட்டியும் இறங்கிவிடும். 35 மி.மீ. கமராவில் f/8ஐச் சுற்றி நிற்பதே புத்தி.

ஆழக் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. 50 மி.மீ. லென்ஸை f/8இல் வைத்து 10.4 மீற்றரில் போகஸ் செய்தால் 5.2 மீற்றரிலிருந்து தொடுவானம் வரை ‘கூர்மை’ என்று அட்டவணை சொல்லும். அந்த அட்டவணை 0.03 மி.மீ. மங்கலை அனுமதித்துப் போட்டது. கரையில் நிற்கும் தோணியை முன்னாலும் ஒலுவில் வெளிச்சவீட்டைப் பின்னாலும் வைத்துப் பிடித்தால், வெளிச்சவீடு அந்த அனுமதியின் கடைசி ஓரத்தில்தான் நிற்கும். பெரிதாக்கும்போது முதலில் கரைவது அதன் விளிம்பு. தூரத்துப் பொருள்தான் படத்தின் உயிர் என்றால் அட்டவணையை மறந்துவிட்டு முடிவிலியிலேயே போகஸ் செய்வது நல்லது.

கரையோரத்தில் காற்றும் ஒரு லென்ஸ். காலை பத்து மணிக்குப் பிறகு மணலிலிருந்து எழும் வெக்கை அலை தூரத்துக் கோடுகளை நெளியவைக்கும். அதை எந்தக் கமராவும் திருத்தாது. தூரத்து மெல்லிய மூட்டத்தில் நீல ஒளியே அதிகம் சிதறுவதால் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் பில்டர் தூரத்தை ஓரளவு தெளிவாக்கும். கிழக்குக் கரைக்கு ஒரு வாய்ப்பும் இருக்கிறது. சூரியன் கடலிலிருந்து எழுவதால் காலையின் முதல் இரண்டு மணித்தியாலங்களில் ஒளி தடையின்றிப் பக்கவாட்டில் விழுகிறது. வலையின் முடிச்சு, மரத்தின் வரி, மணலின் அலை எல்லாம் நிழலோடு நிமிர்ந்து நிற்கும். நடுப்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு மேல் நிற்கையில் அதே பொருள், அதே லென்ஸில், தட்டையாகத் தெரியும். கூர்மை என்று மெச்சப்படுவதில் ஒரு பங்கு வெறும் நிழல்தான்.

லென்ஸைச் சோதிக்க அச்சிட்ட கோட்டு அட்டை கட்டாயமில்லை. மருதமுனைக் கைத்தறிச் சாரனொன்றைச் சுருக்கமில்லாமல் சுவரில் கட்டி, முக்காலியில் வைத்து ஒவ்வோர் அபேச்சரிலும் ஒரு படம் பிடித்தால் போதும். நடுவிலும் நான்கு மூலையிலும் இழை எங்கே தெரிகிறது, எங்கே கலைகிறது என்று நெகட்டிவை உருப்பெருக்கியில் பார்த்தே சொல்லிவிடலாம்.

நெகட்டிவின் பருமன்

கூர்மைக்கு ஒரே குறுக்குவழி பெரிய நெகட்டிவ். 120 பிலிமில் 6×6 சென்ரிமீற்றர் நெகட்டிவை 8 அங்குல அகலத்துக்குக் கொண்டுவர மூன்றரை மடங்கு மட்டும் பெருப்பித்தால் போதும். லென்ஸ் சற்று மந்தமானாலும் 35 மி.மீ. நெகட்டிவ் அதை வெல்வது கடினம். ஸ்டூடியோக்கள் இரட்டை லென்ஸ் கமராக்களை நெடுங்காலம் விடாமல் வைத்திருந்ததற்கு இது நல்ல நியாயம்.

இதன் உச்சத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கண்ணாடித் தகடுகளில் காணலாம். ஜோசப் லோட்டன் 1870–71இல் அனுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா இடிபாடுகளைப் பதிவுசெய்தபோது என்லார்ஜர் என்ற படியே இல்லை. தகடு எவ்வளவோ படமும் அவ்வளவு. தாளைத் தகட்டோடு ஒட்டவைத்து வெயிலில் அச்சிட்டார்கள். கொல்லோடியன் பூசிய தகடு காய்வதற்குள் படம் பிடித்துக் கழுவியாக வேண்டும் என்பதால், வெப்பநாட்டில் அது ஓட்டப் பந்தயமாகவே இருந்திருக்கும். ஆனாலும் கூர்மையைத் தின்னும் கைகள் குறைவு. அக்காலத்துத் தூண்களின் செதுக்கு இன்றும் தெளிவாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

எல்லோரும் கூர்மையைத் தேடவில்லை என்பதையும் இந்தத் தீவின் வரலாறே சொல்கிறது. ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கையில் குடியேறி 1879இல் இங்கேயே இறந்தார், அடக்கம் பொகவந்தலாவையில். இங்கிலாந்தில் அவர் எடுத்த முகப்படங்கள் போகஸ் தவறியவை என்று ஏளனம் செய்யப்பட்டன. அவர் அந்த மென்மையை வேண்டியே வைத்துக்கொண்டார். அக்கால நிலைமையும் அதற்குத் துணைபோனது. கண் மஞ்சள் ஒளியைக் கொண்டு போகஸ் செய்ய, தகடு நீல ஒளியை மட்டும் பதிந்தது. திருத்தப்படாத லென்ஸில் இவ்விரண்டும் ஒரே தளத்தில் குவியா. ஊர் ஸ்டூடியோக்களுக்கும் இந்த இரட்டை மனம் தெரியும். 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டைக்குக் கறுப்பு வெள்ளைப் படம் வேண்டியிருந்ததால் நாடெங்கும் சிறு இருட்டறைகள் உயிரோடு இருந்தன. கைவிரல் அளவுப் படத்துக்கு நெகட்டிவைப் பெருப்பிக்க வேண்டியதே சொற்பம். கூர்மை அங்கே தட்டுப்பாடான பொருளாக இருக்கவில்லை. மிஞ்சிப்போன பொருளாக இருந்தது. முகத்தின் வடுவையும் சுருக்கத்தையும் பென்சிலால் நெகட்டிவிலேயே டச்சிங் செய்து மறைப்பதுதான் அங்கே கைத்திறன்.

கழுவும் தண்ணீர்

டெவலப்பரை வெறும் மருந்தாகப் பார்ப்பவர்கள் அதன் முக்கியமான வேலையைத் தவறவிடுகிறார்கள். மற்றெல்லாக் கைகளும் கூர்மையைத் தின்ன, அதைக் கொஞ்சமாவது கூட்டிக்கொடுக்கக்கூடியது இதுவே. ஒளி அதிகம் பட்ட பகுதியில் டெவலப்பர் விரைவாகக் களைத்துப்போகிறது. வேதிவினையில் புறோமைட்டும் வெளியாகிறது. பக்கத்தில் ஒளி குறைந்த பகுதியில் மருந்து புதிதாகவே நிற்கிறது. எல்லையில் இரண்டும் கலக்கின்றன. புதிய மருந்து இருண்ட பக்கத்தின் ஓரத்தை இன்னும் இருட்டாக்குகிறது. களைத்த மருந்து வெளிர்ந்த பக்கத்தின் ஓரத்தைத் தடுத்து மேலும் வெளிறச் செய்கிறது. விளிம்பில் மெல்லிய கோடு இழுத்ததுபோல் ஆகிவிடும். மக்கீ கோடு என்பது இதற்குப் பெயர்.

இதைக் கண்ணால் காண லயனல் வென்ட்டின் படங்களைவிட நல்ல உதாரணம் இலங்கையில் இல்லை. கொழும்பில் 1900இல் பிறந்து 1944இல் மறைந்த வென்ட், அரைகுறையாகக் கழுவிய படத்துக்கு மீண்டும் ஒளிகாட்டும் சொலரைசேஷன் முறையை விரும்பிக் கையாண்டவர். அந்தப் படங்களில் உடலின் வரம்பைச் சுற்றி ஓடும் கோடு பேனாவால் வரைந்தது அல்ல; அதே மக்கீ கோடு, பலமடங்கு தடித்தது. சாதாரண நெகட்டிவில் அது கண்ணுக்குத் தெரியாத அளவில் இருந்து வேலை செய்கிறது. அலங்காரத்துக்கும் கூர்மைக்கும் இடையில் இருப்பது அளவு வித்தியாசம் மட்டுமே.

இந்த விளைவு கூடுவதும் குறைவதும் மருந்தின் செறிவைப் பொறுத்தது. கொடாக்கில் கப்ஸ்டாஃப் 1927இல் உருவாக்கிய டி-76 டெவலப்பரில் ஒரு லீற்றருக்கு 100 கிராம் சோடியம் சல்பைட் இருக்கிறது. அவ்வளவு சல்பைட் வெள்ளித் துகளின் ஓரத்தைக் கரைத்து நுண்மையாக்கும். கூடவே விளிம்பும் மழுங்கும். சம அளவு தண்ணீர் கலந்தால் சல்பைட் பாதியாகிறது. துகள் சற்றுப் பருக்கும், விளிம்பு நிமிரும். 1891இல் காப்புரிமை பெற்ற ரொடினல் இன்னும் மறுபுறம் போகிறது. ஐம்பது மடங்கு தண்ணீரோடு கலந்து பாவிக்கும்போது அதில் சல்பைட் மிகச் சொற்பம். பருத்த துகள், கூர்ந்த விளிம்பு. எது நல்லது என்பது நெகட்டிவின் பருமனைப் பொறுத்தது, 35 மி.மீ. வேகப் பிலிமை ரொடினலில் கழுவுவது எல்லோர் கண்ணுக்கும் பிடிக்காது.

கீழ்க்கரையின் சிக்கல் இந்த இடத்தில்தான் வருகிறது. மருந்துப் பெட்டிகளின் அட்டவணை 20 பாகை செல்சியஸுக்குப் போட்டது. கிணற்றிலும் குழாயிலும் வரும் தண்ணீரோ 28 பாகையைச் சுற்றியது. இல்போர்ட் எச்பி5 பிளஸ் பிலிமை ஐடி-11 டெவலப்பரில் தண்ணீர் கலக்காமல் கழுவ 20 பாகையில் ஏழரை நிமிடம். ஒவ்வொரு பாகைக்கும் நேரம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும் என்று கொண்டால், 28 பாகையில் அது மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டும். மருந்தை ஊற்றி வடிக்கவே அரை நிமிடம் போகும்போது மூன்று நிமிடக் கழுவல் சீராக அமையாது. வானம் திட்டுத்திட்டாக வரும்.

பழைய கைந்நூல்களின் பதில் குளிர்ச்சி. மருந்துப் போத்தலை ஐஸ் தண்ணீருக்குள் நிறுத்துவது, ஈரச் சாக்கைச் சுற்றிக் காற்றில் வைப்பது என்று பல வழிகள். ஈரச் சாக்கும் மண்பானையும் மே முதல் ஆவணி வரை, கச்சான் காற்று வறண்டு அடிக்கும் காலத்தில் நன்றாக வேலை செய்யும். வாடைக் காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் ஆவியாதல் நடக்காது. பானைத் தண்ணீர் அறையின் சூட்டிலேயே நிற்கும். மீன்பிடிக் கரையில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதை மருந்துக்குள் நேரே போடுவது மருந்தின் செறிவைக் கெடுக்கும். பொலித்தீன் பைக்குள் கட்டிப் போட வேண்டும்.

மருந்தை மட்டும் குளிர்வித்துவிட்டு மற்றதை மறப்பதுதான் பெரிய ஆபத்து. 20 பாகை டெவலப்பரிலிருந்து 29 பாகைக் கழுவு தண்ணீருக்குப் பிலிம் சடுதியாகப் போனால் ஜெலற்றின் படலம் விரிந்து சுருங்கிக் குழம்பும். துகள்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து கூர்மை போய்விடும். மோசமானால் காய்ந்த வயல்போலப் படம் முழுக்க வெடித்துக் கிடக்கும். டெவலப்பர், ஹைப்போ, கழுவு தண்ணீர் எல்லாம் ஒரே சூட்டில், ஓரிரு பாகைக்குள் இருப்பது, அந்தச் சூடு 20 ஆக இருப்பதைவிட முக்கியம். முற்காலத்து மென்மையான படலங்களுக்கு வெப்பநாட்டு மருந்து என்று தனியாகவே இருந்தது. கொடாக்கின் டிகே-15இல் சோடியம் சல்பேட்டைச் சேர்த்ததே ஜெலற்றின் ஊதிப் பெருகாமல் தடுக்கத்தான். அதன் பிறகு குறோம் அலம் குளியல் படலத்தை இறுக்கும். இன்றைய பிலிம்கள் தொழிற்சாலையிலேயே இறுக்கப்பட்டவை. கலர் நெகட்டிவை 38 பாகையில் கழுவுகிறார்கள் என்பதே அதற்குச் சாட்சி. பழைய கைந்நூலின் பயத்தில் பாதியை விட்டுவிடலாம்.

ஆகவே தண்ணீரைக் குளிர்விக்கப் போராடுவதற்குப் பதில் மருந்தை நீர்ப்பதே கரையோரத்துக்குப் பொருந்தும் வழி. அதே ஐடி-11ஐ ஒன்றுக்கு மூன்று தண்ணீர் கலந்தால் 20 பாகையில் நேரம் 20 நிமிடம். 28 பாகையில், அதே தோராயத்தில், எட்டரை நிமிடம். வசதியான, சீரான நேரம். நீர்த்த மருந்து விளிம்பில் விரைவில் களைப்பதால் மக்கீ கோடும் நன்றாக விழும். குளிர்நாட்டுக்காரர் கூர்மைக்காக நேரத்தை நீட்டிப் பெறுவதை இங்கே வெப்பம் நேரத்தை மீதப்படுத்தித் தருகிறது. இரண்டு விடயங்களில் மட்டும் கவனம் வேண்டும். ஒரு றோலுக்குத் தேவையான மூல மருந்து தாங்கிக்குள் கட்டாயம் இருக்க வேண்டும். தாங்கியை ஓயாமல் குலுக்கினால் விளிம்பில் களைத்த மருந்து கலைந்து அந்த விளைவே இல்லாமல் போய்விடும். நிமிடத்துக்கு ஒருமுறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். நேரக் கணக்கு தோராயம்தான். முதல் றோலை முக்கியமில்லாத படத்தில் பார்த்துத் திருத்திக்கொள்வதே முறை.

கரையோரக் கிணற்று நீரில் உப்பும் சுண்ணாம்பும் கூட இருக்கும். மருந்து கரைக்கவும் கடைசிக் கழுவலுக்கும் கொதிக்கவைத்து ஆறிய நீரை வடித்தெடுத்தால் நெகட்டிவில் வெள்ளைப் பொட்டும் மணல் துணிக்கையும் குறையும். சூடான தண்ணீரில் ஊறிய படலத்தை விரலால் வழித்துத் துடைப்பது கீறலை வரவழைக்கும் வேலை.

என்லார்ஜர்

கூர்மையான நெகட்டிவை மந்தமான பிரிண்டாக மாற்றுவதில் என்லார்ஜருக்கு நிகரில்லை. காரணங்கள் பெரும்பாலும் லென்ஸில் இல்லை. தலைப்பகுதி, நெகட்டிவ், அடித்தளம் மூன்றும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இல்லாவிட்டால் ஒரு மூலை எப்போதும் மங்கும். பழுதான நெகட்டிவில் ஊசியால் நடுவிலும் நான்கு மூலையிலும் கீறிப் பெருப்பித்துப் பார்த்தால் இது உடனே வெளிச்சமாகும். போகஸைப் படத்தின் உருவத்தை வைத்துப் பார்க்காமல், துகள் பார்க்கும் கண்ணாடியால் வெள்ளித் துகளை வைத்தே பார்க்க வேண்டும். கண்ணாடிக்குக் கீழே பிரிண்ட் தாளின் தடிப்புள்ள ஒரு வீண்தாள் இருப்பதும் அவசியம். லென்ஸை முழுத் திறப்பிலிருந்து இரண்டு நிறுத்தம் சுருக்கினால் போதுமானது.

விளக்கின் சூடு நெகட்டிவைச் சில செக்கன்களில் நடுவில் வளைத்துவிடும். அறை ஏற்கெனவே சூடாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. போகஸ் செய்தபோது இருந்த இடத்தில் நெகட்டிவ் ஒளி காட்டும்போது இல்லை. சிவப்புப் பில்டரை லென்ஸுக்குக் கீழே இழுத்துவிட்டு விளக்கை எரியவிட்டு, நெகட்டிவ் வளைந்து முடிந்த பிறகு போகஸ் செய்து, அந்தச் சூட்டிலேயே பிரிண்ட் எடுப்பது ஒரு வழி. கண்ணாடிப் பிடியில் இறுக்குவது மற்றது. ஆனால் ஈரக் காலத்தில் பிலிம் கண்ணாடியோடு ஒட்டி வானவில் வளையங்கள் விழும். அதற்கென்று சற்றுச் சொரசொரப்பாக்கிய கண்ணாடி இருக்கிறது.

மின்விசிறி பற்றிக் கைந்நூல்கள் அதிகம் பேசுவதில்லை, குளிர்நாட்டில் எழுதப்பட்டதால் போலும். கதவு யன்னல் அடைத்த அறையில் மே மாதத்தில் விசிறியில்லாமல் நிற்க முடியாது. சுழலும் விசிறி கூரையையும் சுவரையும் மெல்ல அதிரவைக்க, சுவரில் பொருத்திய என்லார்ஜரின் நீண்ட தூண் அந்த அதிர்வைப் பெருப்பித்துக் காட்டும். பதினைந்து செக்கன் ஒளிகாட்டலுக்கு விசிறியை நிறுத்தி, ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் சுவிச்சைத் தொட வேண்டும். பிரதான வீதியில் பேருந்து போகும் நேரத்துக்கும் அதே விதி.

விளக்கின் வகையும் வேலை செய்யும். ஒளியை ஒரு திசையில் ஒடுக்கும் கண்டென்சர், துகளையும் கீறலையும் கடுமையாகக் காட்டும்; பரவல் ஒளி அவற்றை மென்மையாக்கும். கலியே என்பவர் பெயரால் அழைக்கப்படும் இந்த வித்தியாசம் கொன்ட்ராஸ்ட் வித்தியாசமே அன்றி உண்மையான விவர வித்தியாசம் அல்ல. தாளின் கிரேடை ஒரு படி கூட்டினால் பரவல் ஒளியிலும் ஏறக்குறைய அதே தோற்றம் கிடைக்கும்.

தாள்

மினுக்கத் தாள் மட் தாளைவிடக் கூர்மையாகத் தெரிவதற்குக் காரணம், அதில் கறுப்பு இன்னும் கறுப்பாக இருப்பதே. அதனால்தான் ஸ்டூடியோக்கள் ஈரப் பிரிண்டை மினுமினுத்த உலோகத் தகட்டில் அழுத்திக் காயவைத்துக் கிளேசிங் செய்தன.

இருட்டறையின் கடைசி ஆயுதம் மங்கல் முகமூடி. நெகட்டிவிலிருந்து, இடையில் ஒரு மெல்லிய இடைவெளி விட்டு, மங்கலான பொசிட்டிவ் ஒன்றை எடுப்பார்கள். அதை நெகட்டிவோடு சேர்த்துப் பிடித்துப் பிரிண்ட் எடுத்தால் பெரிய பரப்புகளின் கொன்ட்ராஸ்ட் அடங்கும். முகமூடி மங்கலாக இருப்பதால் நுண்ணிய விளிம்புகள் மட்டும் அடங்காமல் எழும். மக்கீ கோட்டை மருந்தில் செய்வதற்குப் பதில் பிலிமில் செய்வது இது. யூல் என்பவர் 1940களில் இதை விளக்கினார். பிறகு வானியல் படப்பிடிப்பில் டேவிட் மலின் விண்மீன் மண்டலங்களின் விவரத்தை இதனால் வெளிக்கொணர்ந்தார். இன்றைய கணினி மென்பொருளில் கூர்மையாக்கும் கட்டளைக்கு ‘அன்ஷார்ப் மாஸ்க்’ என்ற விசித்திரப் பெயர் இருப்பதற்கும் இதுவே காரணம். ஒரு படத்துக்கு அரைநாள் போகும் வேலை. நெகட்டிவில் இல்லாத விவரத்தை இது தராது. கை ஆடிய படத்தின் ஆட்டத்துக்கே கோடு போட்டுத் தரும்.

கழுவி முடித்த நெகட்டிவையும் கரை விட்டுவைப்பதில்லை. ஜெலற்றின் பூஞ்சணத்துக்கு நல்ல தீனி. வாடைக் காலத்து ஈரத்தில் பொலித்தீன் உறைக்குள் அடைத்த நெகட்டிவில் வேர்போல ஓடும் பூஞ்சணம், துகளோடு சேர்த்து விளிம்பையும் அரித்துவிடும். லென்ஸ் கண்ணாடிகளுக்கிடையே படர்ந்தால் படம் முழுவதிலும் வெண்திரை விழும். காகித உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் உள்ள இறுகிய தகரப் பெட்டியில் வைப்பது நல்லது. சிலிக்கா ஜெல் இல்லாத இடத்தில் வறுத்து ஆறவைத்த அரிசியைத் துணியில் கட்டிப் போட்டு வைப்பதும் உண்டு. எதுவானாலும் ஈரம் குடித்ததும் வேலை நின்றுவிடும். சிலிக்கா ஜெல்லை அடுப்பில் காய்ச்சியும் அரிசியைப் புதிதாக வறுத்தும் மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். மார்கழி, தை மாதங்களில் அதைவிட அடிக்கடி.